தீயணைப்பு நிலையத்தில் முதல் வருடம்: புதிதாக வரும் தம்பிகளுக்கு

தாம்பரம் மாநிலப் பயிற்சி மையத்தில் ஏணி ஏறி, கயிறு இழுத்து, போதாக்குறைக்கு வசவும் வாங்கி முடித்து, பெட்டி படுக்கையோடு ஏதோ ஓர் ஊர் நிலைய வாசலில் வந்து இறங்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த வேலையில் 29 வருடம் இருந்தேன். சாதாரணத் தீயணைப்பாளராகச் சேர்ந்து லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றேன். அதற்கு மேலே உள்ள பதவிகளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை.

நெருப்புக்குள் பாய்ந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற காட்சியை மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறோம். என் முதல் அழைப்பு, கிணற்றில் விழுந்த எருமை. இரண்டாவது, சமையலறைப் பரணில் ஏறிய சாரைப்பாம்பு. மூன்றாவதாகத்தான் தீ வந்தது, அதுவும் குப்பைமேடு. துறையின் பெயரிலேயே ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்’ என்றுதான் இருக்கிறது. அந்த ‘மீட்பு’ எவ்வளவு பெரியது என்பது சேர்ந்த பிறகுதான் புரியும்.

இன்னும் சேராதவர்களுக்கு ஒரு வார்த்தை

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு நடத்துகிறது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முக்கியத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பையன்கள் ஓட்டத்துக்கு ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டுத் தமிழில் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். வயது வரம்பு, காலியிடமெல்லாம் அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்கும். அதற்கு மேல் படிகள். பணக்காரன் ஆக மாட்டீர்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும்.

முதல் நாள்: வண்டியைப் படியுங்கள்

நிலைய அலுவலரிடம் ஆணையைக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் உங்கள் கட்டிலைத் தேடாதீர்கள். நேராக வண்டியிடம் போங்கள். பெரும்பாலான நிலையங்களில் இருப்பது 4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் வாட்டர் டெண்டர். அதன் இரண்டு பக்கமும் லாக்கர்கள் இருக்கும். எந்த லாக்கரில் எது என்பதை எழுதி வைத்துக்கொள்வது போதாது, கைக்குப் பழக வேண்டும்.

எனக்கு வாய்த்த சீனியர் என் கண்ணில் ஈரத்துண்டைக் கட்டிவிட்டு, “பிராஞ்ச் எடு”, “ஸ்ட்ரெய்னர் எடு”, “கோடாலி எடு” என்று சொல்லிக்கொண்டே போவார். (பிராஞ்ச் என்பது தண்ணீரைப் பீய்ச்சும் முனைக்குழல், ஸ்ட்ரெய்னர் என்பது உறிஞ்சும் குழாயின் முனையில் போடும் சல்லடை.) தப்பாக எடுத்தால் தலையில் ஒரு குட்டு. அப்போது எரிச்சலாக இருந்தது. ஒரு மாதம் கழித்து, இரவு இரண்டு மணிக்கு, தெருவிளக்கே இல்லாத ஊரில், புகை கண்ணை அடைக்க நின்றபோது என் கை தானாக மூன்றாவது லாக்கருக்குப் போனது.

லாக்கரைக் கற்றுக்கொண்ட பிறகு முடிச்சுகளுக்கு வாருங்கள். தாம்பரத்தில் பத்துப் பன்னிரண்டு சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அன்றாடம் கை கொடுப்பவை நான்குதான்: போலைன், கிளவ் ஹிட்ச், ரீஃப் நாட், சேர் நாட். சேர் நாட் என்பது இரண்டு வளையம். ஒன்று அக்குளுக்குக் கீழே, ஒன்று முழங்காலுக்குக் கீழே. கிணற்றிலிருந்தோ மாடியிலிருந்தோ ஓர் ஆளை நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இறக்கவோ ஏற்றவோ இதுதான். கட்டில் காலில் கயிற்றைக் கட்டி, டி.வி. பார்த்துக்கொண்டே போட்டுப் பழகுங்கள். பார்க்காமல் போட வந்தால்தான் வந்ததாகக் கணக்கு.

காலை வேலை, அப்புறம் ஒரு ரப்பர் வாஷர்

பல நிலையங்களில் 24 மணி நேரம் பணி, 24 மணி நேரம் ஓய்வு என்ற கணக்குத்தான். காலையில் ரோல் கால், உடற்பயிற்சி, டிரில். பிறகு வண்டி: தண்ணீர் நிறைந்திருக்கிறதா, டீசல், பேட்டரி, டயர் காற்று, சைரன், விளக்கு. பம்பைத் தினமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். “நேத்துதானே ஓட்டினோம்” என்பவரோடு சேராதீர்கள்.

ஹோஸ், அதாவது தண்ணீர் போகும் நீளக் குழாய், அதன் வேலை யாருக்கும் பிடிக்காது. அதனால் அது புது ஆளின் தலையில்தான் விழும். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள டெலிவரி ஹோஸ், தீயிலிருந்து திரும்பும்போது சேறும் கரியுமாக இருக்கும். அலசி, தொங்கவிட்டுக் காயவைத்து, மடிப்பு இடம் மாறும்படி திருப்பிச் சுருட்ட வேண்டும். ஒரே இடத்தில் மடித்துக்கொண்டே இருந்தால் அந்த மடிப்பில்தான் ஒருநாள் கிழியும்.

ஹோஸின் ஒரு முனையில் உள்ள பெண் கப்ளிங்குக்குள் (அடுத்த ஹோஸின் முனையை வாங்கிக்கொள்ளும் இணைப்பு) ஒரு ரப்பர் வாஷர் உட்கார்ந்திருக்கும். வளையல் மாதிரி, கறுப்பாக, ஒன்றுக்கும் உதவாதது போலத் தெரியும். நான் சேர்ந்த மூன்றாவது மாதம், ஹோஸ் கழுவும்போது அது கழன்று விழுந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த நாளே ஒரு குடிசைத் தீ. மூன்று ஹோஸை இணைத்துத் தண்ணீரைத் திறந்தோம். நடு இணைப்பில் குடை விரித்த மாதிரி நாலாபக்கமும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. தெருவில் நின்றவர்கள் நனைந்தார்கள், பிராஞ்ச் முனையில் தண்ணீர் குழந்தை மூத்திரம் போல வந்தது. ஹோஸை மாற்றுவதற்குள் பக்கத்துக் கூரையும் பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த இரண்டாவது வீட்டுக்காரரின் அரிசி மூட்டையும் தையல் மெஷினும் போனது என் கணக்கில்தான்.

திரும்பும் வழியில் யாரும் என்னைத் திட்டவில்லை. நிலையத்துக்கு வந்ததும் லீடிங் ஃபயர்மேன் ஒரு டப்பா நிறைய வாஷரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “எல்லா ஹோஸையும் பிரிச்சு, ஒவ்வொண்ணா விரலை விட்டுத் தடவிப் பாரு” என்றார். ஒரு வாரம் தினமும் அதைச் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தோட்டத்துக் குழாயைப் பார்த்தால் விரல் உள்ளே போய்விடுகிறது.

ஊரைப் படியுங்கள், தண்ணீரைக் கணக்குப் போடுங்கள்

முதல் மாதத்திலேயே, ஓய்வு நாளில், சைக்கிளிலோ பைக்கிலோ நிலைய எல்லை முழுவதையும் சுற்றுங்கள். வண்டி நுழையாத சந்து, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, லோடு வண்டி தாங்காத வாய்க்கால் பாலம், சந்தை நாளில் அடைபடும் தெரு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கைப்பேசி வரைபடம் வழியைக் காட்டும், அந்த வழியில் கல்யாணப் பந்தல் போட்டிருப்பதைக் காட்டாது.

அதைவிட முக்கியம் தண்ணீர். 4,500 லிட்டர் என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரு பிராஞ்சில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால் பத்து நிமிடம். இரண்டு பிராஞ்ச் திறந்தால் ஐந்து நிமிடம். அதன்பிறகு நீங்கள் காலித் தொட்டியோடு நிற்கும் வேடிக்கைக்காரர். அதனால் எந்தக் குளத்தில் வண்டி கரைவரை போகும், எந்த அரிசி ஆலையில் போர்வெல் இருக்கிறது, எந்த ஊராட்சி மேல்நிலைத் தொட்டியின் வால்வு யாரிடம் என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள். தையில் தளும்பிய குளம் அப்போது கிரிக்கெட் மைதானமாகியிருக்கும்.

குளத்தில் சக்‌ஷன் போடும்போது, அதாவது குளத்துத் தண்ணீரைக் குழாய் வழியாக வண்டிக்கு உறிஞ்சும்போது, ஒரு கணக்கு. பம்புக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே உள்ள உயரம், புத்தகப்படி 10.3 மீட்டர்வரை போகலாம். ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம்தான், பம்ப் அல்ல. பழைய வண்டி, தேய்ந்த வாஷர், கோடை வெயில் எல்லாவற்றையும் கழித்தால் 7 மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். ஸ்ட்ரெய்னர் சேற்றில் புதையாமல் ஒரு கூடைக்குள் வைத்து இறக்குங்கள். ஆகாயத்தாமரை வேர் ஏறி பம்ப் திணறுவதைப் பார்த்தவனுக்கு அந்தக் கூடையின் அருமை தெரியும்.

மணி அடித்தால்

அழைப்புகளை எடுக்கும் வாட்ச் ரூமில் உங்களை உட்கார வைத்தால் அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். 101-இல் கூப்பிடுபவர் பதற்றத்தில் இருப்பார். “எரியுது சார், சீக்கிரம் வாங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்: எந்த ஊர், பக்கத்தில் என்ன அடையாளம், என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா. கூப்பிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே திருப்பிக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். காளியம்மன் கோயில் தெரு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. புதூர் என்ற பெயரில் ஒரே தாலுகாவில் மூன்று ஊர் இருக்கும். எங்கள் வண்டி ஒருமுறை தவறான புதூருக்குப் போய், நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் “எங்க எரியுது?” என்று கேட்டிருக்கிறது.

மணி அடித்து ஒரு நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். லுங்கியோடு தூங்காதீர்கள். அப்புறம், மெஸ்ஸில் நீங்கள் சமைத்துக்கொண்டிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுங்கள். சிரிக்காதீர்கள். சாம்பார் கரிந்து, வாட்ச் ரூம்காரர் அங்கிருந்து ஓடிவந்து அணைத்த கதை எல்லா நிலையத்திலும் ஒன்று இருக்கும். தீயணைப்பு நிலையமே எரிந்தால் ஊர் என்ன பேசும்?

வண்டி ஓடும்போது உட்கார்ந்திருங்கள். படியில் தொங்கிக்கொண்டு போவது வீரம் இல்லை.

சம்பவ இடத்தில்

எல்லா வகைத் தீயையும் இங்கே எழுத முடியாது. நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கீற்றுக் கொட்டகை. சில நிமிடங்களில் கூரை முழுதும் பிடித்துவிடும். எரிகிற வீட்டைவிட அடுத்த வீட்டைக் காப்பாற்றுவதுதான் பல சமயம் நம் வேலை. காற்று தீயைத் தள்ளுகிற திசையில் இருக்கிற கூரையை முதலில் நனையுங்கள். உள்ளே சிலிண்டர் இருக்கிறதா என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், ஆண்களுக்குப் பல நேரம் தெரியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்த பள்ளியில் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத்தான் தாவியது. பள்ளி ஆய்வுக்கு அலுவலரோடு போகும்போது படிக்கட்டில் பழைய பெஞ்சு அடுக்கியிருந்தால், வெளிக் கதவில் பூட்டு தொங்கினால், சங்கடப்படாமல் சொல்லிவிடுங்கள்.

சிலிண்டர். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். கசிவு என்று கூப்பிட்டால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை வெளியே எடுங்கள். சிலிண்டரின் வாய்ப்பகுதியில் எரிந்துகொண்டிருந்தால் ஈரச் சாக்கு. இதைப் பள்ளிக்கூடங்களில் நாம் செய்துகாட்டுவோம். சாக்கை நன்றாக நனைத்து, இரண்டு முனையையும் உங்கள் விரல் மறையும்படி சுருட்டிப் பிடித்து, உடம்புக்கு முன்னால் கேடயம் மாதிரி வைத்துக்கொண்டு நெருங்கி, அருகிலிருந்து அப்பால் நோக்கிப் போர்த்த வேண்டும். தூக்கிப் போட்டால் காற்றில் சுருண்டு விழுந்துவிடும். போர்த்தியதும் வால்வை மூட வேண்டும். மூட முடியாத சிலிண்டர் என்றால் தீயை அணைக்காமல் தூரத்திலிருந்து தண்ணீர் அடித்துக் குளிர வைப்பதே சரி. தீயை அணைத்துவிட்டு வாயுவை ஓடவிட்டால் அது வேறு எங்காவது போய்ப் பற்றிக்கொண்டு திரும்பி வரும்.

வைக்கோல். அறுவடைக் காலத்தில் வைக்கோல் லாரி மின்கம்பியில் உரசிப் பற்றிக்கொள்வது வருடா வருடம் நடக்கும். மேலே தண்ணீர் அடித்தால் வழிந்து ஓடிவிடும், உள்ளே கங்கு அப்படியே இருக்கும். இழுத்துப் பிரித்து, பிரித்து அடிக்க வேண்டும். வைக்கோல் போரும் அப்படித்தான். “அணைஞ்சிடுச்சு, கெளம்பலாம்” என்று வந்து, விடியற்காலை அதே போருக்கு மறுபடி போயிருக்கிறோம். தேங்காய் நார் மஞ்சியும் இதே ஜாதிதான்.

பழைய கட்டடம். உள்ளே போகும் முன் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, உத்தரம் எரிந்தால் மொத்தமாக இறங்கும். 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது, சென்னை எழிலகம் வளாகத்தில் கலஸ் மஹால் எரிந்தது. இடிந்து விழுந்ததில் நம் ஆள் ஒருவர் இறந்தார், அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். மேலிருந்து காரை உதிர்ந்தால், விரிசல் சத்தம் கேட்டால், உள்ளே கோடி ரூபாய் இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

மூச்சுக் கருவி போட்டு உள்ளே போனால் வேறொரு கணக்கு. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று காகிதத்தில் 45 நிமிடம். ஆளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது யாரும் 40 லிட்டரில் நிறுத்துவதில்லை. பாதி நேரத்திலேயே முடிந்துவிடும். காற்று குறைந்ததும் கருவியில் விசில் அடிப்பது ‘கிளம்பு’ என்பதற்கு அல்ல, ‘இந்நேரம் வாசலில் இருந்திருக்க வேண்டும்’ என்பதற்கு.

பாம்பு. தினசரி ஒன்றாவது வரும். நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கையும் முதல் மாதமே அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பிடிகோல், தடித்த பை, பூட்ஸ். பிடித்ததை வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கூட்டம் செல்ஃபி கேட்கும், கழுத்தில் போட்டுக் காட்டச் சொல்லும். மறுத்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

கிணறு

இதற்குத் தனியாக எழுத வேண்டும். மூத்தவர்கள் பயந்த இடம் எது என்று கேட்டால் பலர் தீயைச் சொல்ல மாட்டார்கள், கிணற்றைத்தான் சொல்வார்கள்.

மாடு விழுந்தால் முதலில் தண்ணீரில் அது மூழ்காமல் தலையைக் கயிற்றில் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெறும் கயிற்றை வயிற்றில் போட்டு இழுத்தால் அறுத்துவிடும். கழித்துப்போட்ட பழைய டெலிவரி ஹோஸை முன்னங்கால்களுக்குப் பின்னே ஒன்றும் பின்னங்கால்களுக்கு முன்னே ஒன்றுமாகக் கொடுத்தால் பட்டையாகத் தாங்கும். கிரேன் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் இருபது பேர். கரையில் ஏறியதும் எதிரே யாரும் நிற்கக் கூடாது. உங்களுக்கு நன்றி சொல்ல அதற்குத் தெரியாது, முட்டத்தான் தெரியும்.

ஆள் விழுந்திருந்தால், குறிப்பாக ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் மயங்கிவிட்டார் என்று சொன்னால், நின்று யோசியுங்கள். அங்கே விஷவாயு இருக்கிறது. பாழுங்கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கியிருக்கலாம். உள்ளே மோட்டார் கொட்டகையில் டீசல் எஞ்சினை ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடு. வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கழிவுநீர்த் தொட்டி என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், அதிகமாக இருந்தால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். பிராணவாயு குறைவாக இருந்தால் விளக்கு அணையும், சரி. ஆனால் கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். கழிவுத் தொட்டியில் மீத்தேன் இருந்தால் விளக்கே வெடி வைத்துவிடும். வாயு அளக்கும் கருவி இருந்தால் அதை நம்புங்கள். இல்லாவிட்டால் வாயு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, மூச்சுக் கருவியும் இடுப்பில் கயிறும் இல்லாமல் இறங்காதீர்கள். மேலே நின்று அம்மா கதறுவார். ஊர்க்காரர் “நீ எறங்குறியா, நான் எறங்கட்டுமா?” என்று சட்டையைப் பிடிப்பார். அவரை முதலில் தள்ளி நிறுத்துங்கள், மூன்றாவது உயிர் அவராக இருந்துவிடப் போகிறார்.

பல நேரம் நாம் எடுப்பது உடலாகத்தான் இருக்கும். பாதாளக் கரண்டி போட்டுத் தேடி, எடுத்து, கரையேற்றும் முன் ஒரு வேட்டியையோ போர்வையையோ கேட்டு வாங்கிப் போர்த்துங்கள். கைப்பேசிகளைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் இருங்கள். ஒரு பத்து வயதுப் பையனை எடுத்துக் கொடுத்த அன்று, அவனுடைய அப்பா அழவில்லை. என் ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, “தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சாங்க?” என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

உடம்பு

2022-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. எங்கள் காலத்தில் கரி படிந்த சட்டையைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு சுற்றுவோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். திரும்பியதும் முகம், கழுத்து, கையை உடனே கழுவுங்கள், சீக்கிரம் குளியுங்கள். அந்த உடுப்பை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழந்தை துணியோடு ஊறப்போடாதீர்கள். குப்பைக் கிடங்குத் தீயில் நாள்கணக்கில் நிற்க நேர்ந்தால் ஈரத்துண்டு போதாது, முகக்கவசம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் “புதுப் பையன் ரொம்ப விவரமா பேசுறான்” என்பார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

வெயிலில் கனமான உடுப்போடு வேலை செய்தால் தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர் வண்டியில் எப்போதும் ஒரு கேன் இருந்தால் நல்லது.

24 மணி நேரம் முடித்துவிட்டு நேராக நூறு கிலோமீட்டர் பைக்கில் சொந்த ஊருக்குக் கிளம்பாதீர்கள். இரவு இரண்டு அழைப்பு போயிருந்தால் கண் திறந்திருக்கும், மூளை தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் நிலையத்திலேயே படுத்துவிட்டுப் போங்கள், அல்லது பஸ்.

ஊர்ப் பேச்சு

“எல்லாம் எரிஞ்சதுக்கு அப்புறம் வர்றானுங்க.” இதை வாரம் ஒருமுறை கேட்பீர்கள். கூப்பிட்டது பத்து நிமிடம் தாமதம், வழியில் ரயில்வே கேட் என்றெல்லாம் அங்கே நின்று விளக்காதீர்கள். வீடு எரிந்தவரிடம் வாதாட ஒன்றும் இல்லை. ஹோஸை விரியுங்கள். இரண்டு நாள் கழித்து அதே ஆள் இன்சூரன்ஸுக்குத் தீ அறிக்கை கேட்டு நிலையத்துக்கு வருவார். அப்போது நாற்காலி போட்டு உட்கார வைத்து, என்ன ஆவணம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அணைத்து முடித்ததும் யாராவது பணம் நீட்டுவார்கள். வேண்டாம். டீ கொடுத்தால் குடிக்கலாம்.

வீடு

சேர்ந்த வாரமே வாரிசு நியமனப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். “இப்பவே எதுக்கு அபசகுனமா?” என்று அம்மா சொல்வார். அவரிடம் சொல்லாமலே நிரப்புங்கள். கல்யாணம் ஆனதும் மறக்காமல் மாற்றுங்கள். மாற்றாமல் விட்டுப் பெண்சாதி அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பம் எனக்குத் தெரியும்.

பெண் பார்க்கப் போகும்போது “கவர்மென்ட் வேலை” என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு வீட்டில் இருக்க மாட்டேன், வெள்ளம் புயல் என்றால் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது என்பதையும் பெண்ணிடமே சொல்லிவிடுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது மற்ற மாவட்டத்திலிருந்து போனவர்கள் பலர். வீட்டில் இருந்தவர்கள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியோடு எனக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. பெரிய அழைப்பு முடிந்ததும் ஒரு மிஸ்டு கால், எடுக்க வேண்டாம். அது வந்தால் தூங்கலாம் என்று அர்த்தம்.

பார்த்ததை எல்லாம் வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அந்தக் கிணற்றடி நாளுக்குப் பிறகு நான் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை, மாலையில் குடிக்க ஆரம்பித்தேன். நிலையத்தில் கேரம் ஆடும்போது பழைய டிரைவர் ஒருவர் தன்னுடைய கிணற்றுக் கதையைச் சொன்னார். பிறகு இன்னொருவர். அன்று இரவு பதினொரு மணிவரை பேசினோம். அதற்கும் சரியாகாவிட்டால் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கால் சுளுக்குக்குப் போகிற மாதிரி போய்வாருங்கள்.

பண்டிகைக்கு வருவோம். சித்திரை முதல் நாள் எல்லோருக்கும் புத்தாண்டு. நமக்கு ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ என்ற கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்ததன் நினைவு. காலையில் நிலையத்தில் அணிவகுத்து மௌன அஞ்சலி, பிறகு ஒரு வாரம் பள்ளி, மருத்துவமனை, ஆலைகளில் செயல்விளக்கம். மாங்காய்ப் பச்சடி வீட்டிலிருந்து டப்பாவில் வந்தால் உண்டு.

தீபாவளிக்கு விடுப்பு கேட்டு மூக்கை உடைத்துக்கொள்ளாதீர்கள், கிடைக்காது. அன்று ராக்கெட் எந்தக் கூரையில் விழும் என்று காத்திருப்பதுதான் நம் பண்டிகை. எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பட்டாசு எல்லாமே நான் திரும்பிய மறுநாள் காலையில்தான். என் மகளிடம் ஒன்றாம் வகுப்பில் பள்ளியில் தீபாவளி எப்போது என்று கேட்டதற்கு, “எங்கப்பா டூட்டி முடிச்சு வர்ற அன்னிக்கு” என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் அதை என்னிடம் சொன்னபோது தண்ணீர் லாரி விபத்து ஒன்றுக்குப் போய்விட்டு, சட்டையெல்லாம் கிரீஸோடு அவளைக் கூட்டிப்போக நின்றுகொண்டிருந்தேன்.

தங்கை கல்யாணம், வளைகாப்பு மாதிரி தேதி தெரிந்தவற்றுக்கு மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். அதோடு, உங்களுக்குப் பதில் நிற்கச் சம்மதிக்கிற ஆளின் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மச்சினன் கல்யாணம் ஆவணியில் வரும்.